மஸ்க்ராட் பிடிக்கும் இரட்டைக் கதவுக் கூண்டு: கம்பி வலையில் செய்து, தண்ணீருக்கடியில் வைக்கும் முறை

பெயரைக் கேட்டதும் வீட்டுச் சுவரோரம் ஓடும் மூஞ்சூறை நினைத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளைக்காரர்கள் அந்தக் காலத்தில் இந்தியாவின் மூஞ்சூறையும் ‘மஸ்க் ராட்’ என்றே எழுதிவைத்தார்கள். அதனால் பழைய புத்தகங்களில் இரண்டும் குழம்பிக் கிடக்கும். இங்கே பேசுவது வட அமெரிக்காவின் சதுப்பு நிலங்களில் வாழும் மஸ்க்ராட்டைப் பற்றி. ஒரு கிலோவை ஒட்டிய எடை, அடர்ந்த பழுப்பு மயிர், பக்கவாட்டில் தட்டையான செதில் வால். சம்பங்கோரைத் தண்டும் கிழங்கும்தான் முக்கியத் தீனி. கரையைக் குடைந்து வளை போடும். வளையின் வாசல் எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருக்கும்.

அந்த வாசல்தான் இந்தக் கூண்டுக்கு ஆதாரம். விலங்கு வளைக்குள் போவதும் வெளியே வருவதும் ஒரே நீரடித் தடத்தில். அந்தத் தடத்தில் இரு முனையிலும் கதவுள்ள நீளமான கம்பிப் பெட்டியைப் பதித்துவிட்டால், எந்தப் பக்கமிருந்து வந்தாலும் உள்ளே நுழையும், திரும்ப முடியாது. மூங்கில் பறியில் மீன் சிக்குவதும் இதே விதியால்தான். ஒன்று நுழைந்த பிறகும் கதவு அடுத்ததற்குத் திறக்கும் என்பதால் ஓர் இரவில் மூன்று நான்கு விலங்குகள் சிக்கலாம். அங்கே இதைக் ‘காலனி டிராப்’ என்பார்கள். இதில் ஸ்பிரிங் கிடையாது, மிதிதட்டு கிடையாது, இரைகூடத் தேவையில்லை. வேலை செய்வது கதவு ஒன்றுதான். அதனால் இந்தக் கட்டுரையிலும் கதவுக்கே அதிக இடம்.

கம்பியை வெட்டும் முன் சட்டம்

அமெரிக்க மாநிலங்களிலும் கனடா மாகாணங்களிலும் மஸ்க்ராட் பிடிக்க உரிமமும் பருவமும் உண்டு. பல விலங்குகளை ஒருசேரப் பிடிக்கும் கூண்டு சில இடங்களில் அனுமதி, சில இடங்களில் தடை. அனுமதி உள்ள இடத்திலும் கூண்டின் அதிகபட்ச அளவு, உங்கள் பெயரோ எண்ணோ பொறித்த தகடு, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், வளை வாசலிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் மாறும். வனவிலங்குத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் விதிப் புத்தகத்தைப் படித்துவிட்டு அளவை முடிவுசெய்யுங்கள். இருபது கூண்டு செய்து முடித்த பிறகு ஓர் அங்குலம் கூடுதல் என்று தெரிந்தால் அத்தனையும் வீண்.

ஐரோப்பாவில் கதையே வேறு. 1905-ல் பொஹீமியாவில் பிராகுக்கு அருகே டோப்ரிஷ் பண்ணையில் ஒரு பிரபு விட்ட சில மஸ்க்ராட்டுகள் பெருகிக் கண்டம் முழுக்கப் பரவின. கடல் மட்டத்துக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் நெதர்லாந்துக்குக் கரை குடையும் விலங்கு நேரடி ஆபத்து. அங்கே நீர் வாரியங்கள் சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பிடிக்கின்றன. 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் அந்நிய ஆக்கிரமிப்பு இனப் பட்டியலிலும் இது இருக்கிறது. அந்த நாடுகளில் தனியாள் தானாகக் கூண்டு வைப்பது பற்றித் தனி விதிகள் உண்டு. அங்கே இருப்பவர்கள் முதலில் நீர் வாரியத்தைக் கேட்பதே முறை.

வாங்க வேண்டியவை

ஒரு கூண்டின் வெளி அளவு 6 அங்குலம் அகலம், 6 அங்குலம் உயரம், 36 அங்குலம் நீளம். மஸ்க்ராட்டின் சுரங்கமே ஏறக்குறைய 5 முதல் 8 அங்குல விட்டம்தான் என்பதால் 6 அங்குலச் சதுர வாய் அதற்குப் பழகிய அளவு. வாயைப் பெரிதாக்கினால் லாபமில்லை. உள்ளே விலங்கு திரும்பிக் கதவை நோண்ட இடம் கிடைக்கும், பிடிக்கக் கூடாத நீர்நாயும் உள்ளே தலையை விடும்.

வலை: துத்தநாகப் பூச்சுள்ள வெல்ட் மெஷ், 1 அங்குலத்துக்கு 1 அங்குலக் கண், 14 கேஜ் கம்பி, அதாவது ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமன். 16 கேஜ் மலிவு, வளைக்கவும் சுலபம். ஆனால் மிதிபட்டால் நசுங்கும், நசுங்கிய கூண்டில் கதவு மாட்டிக்கொள்ளும். அரை அங்குலக் கண் வேண்டாம். ஒரே இரவில் பாசியும் சருகும் அடைத்துச் சுவர்போல் ஆகிவிடும், குஞ்சு மீன்களும் வெளியேற முடியாது.

36 அங்குல அகலமும் 50 அடி நீளமும் உள்ள சுருள் ஒன்றில் 21 கூண்டு வரும். கணக்கு இப்படி: உடலுக்கு 24 கண், வெட்டில் போகும் ஒரு கண்ணையும் சேர்த்து 25 அங்குலம். மூன்று கூண்டுக்கு 75. கதவுகளுக்கு 8 கண் நீளமான ஒரு பட்டை, வெட்டுச் சேதத்துடன் 9 அங்குலம். 36 அங்குல அகலத்தில் அந்தப் பட்டையிலிருந்து 5 கண் அகலமுள்ள ஆறு கதவுகள் கிடைக்கும், மூன்று கூண்டுக்குச் சரியாக இருக்கும். ஆக மூன்று கூண்டுக்கு 84 அங்குலம். 600 அங்குலச் சுருளில் ஏழு முறை வெட்டலாம்.

இவை தவிர, கூண்டு ஒன்றுக்கு 14 ஹாக் ரிங் வளையங்கள் (இரண்டு கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்க நெரித்து மூடும் வாய் திறந்த சிறு கம்பி வளையங்கள்), அவற்றை நெரிக்கும் தனிப் பிளேயர், கம்பி வெட்டும் கட்டர், அரம், சுத்தியல், மேசையில் பலகையை இறுக்க இரண்டு கிளாம்ப். வளைப்பதற்கு ‘இரண்டுக்கு ஆறு’ என்று அமெரிக்க மரக்கடையில் விற்கும் பலகை ஒன்று, 4 அடி நீளம். பெயர்தான் ஆறே தவிர அதன் அசல் அகலம் 5½ அங்குலம். கூண்டின் உள்வெளியில் அது பொருந்தி உட்காரும் என்பதற்காகவே அதைச் சொல்வது.

உடலை மடித்தல்

சுருளை விரித்தால் தானாகச் சுருண்டுகொள்ளும். எதிர்ப்பக்கமாக உருட்டி, தரையில் போட்டு மிதித்துத் தட்டையாக்கிவிட்டு வெட்டுங்கள். ஒரு பக்கம் 24 முழுக் கண், மறுபக்கம் சுருளின் முழு அகலமான 36 அங்குலம். வெட்டிய ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளைக் குறுக்குக் கம்பியை ஒட்டி நறுக்குங்கள். இங்கே சோம்பினால் பிறகு கையைக் கிழிக்கும்.

வெல்ட் மெஷ்ஷின் இரண்டு முகமும் ஒன்றல்ல. ஒரு முகத்தில் நெட்டுக் கம்பிகள் மேலே இருக்கும், மறு முகத்தில் குறுக்குக் கம்பிகள். கூண்டின் நீளவாக்கில் ஓடும் கம்பிகள் உள்பக்கம் வரும்படி வைத்து மடியுங்கள். கதவின் அடிக்கம்பி தரையில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார இது தேவை. மாற்றி மடித்தால் கதவு ஒவ்வொரு குறுக்குக் கம்பியிலும் இடறும்.

மடிப்புகள் 6, 12, 18-வது கண்களில். வரிசையாக மடித்துக்கொண்டு போனால் மூன்றாவது மடிப்பில் பெட்டி பாதி மூடிப் பலகை உள்ளே போகாது. அதனால் முதலில் 6, அடுத்து 18, கடைசியில் நடுவிலுள்ள 12. வலையை மேசை ஓரத்துக்கும் பலகைக்கும் நடுவில் வைத்து கிளாம்பால் இறுக்கி, கையால் முழு நீளத்தையும் ஒருசேர அழுத்துங்கள், பிறகு சுத்தியலால் ஓரம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு முனையில் மட்டும் அடித்தால் முறுக்கிக்கொள்ளும். கம்பி கொஞ்சம் திரும்பி விரியும் என்பதால் நேர்க்கோணத்தைத் தாண்டிச் சற்று அதிகமாகவே மடிக்க வேண்டும்.

இரு ஓரக் கம்பிகளும் சந்திக்கும் மூட்டு கூண்டின் மேல் விளிம்பில் வரட்டும். தரையில் வந்தால் கதவு இடறும். முனைகளில் ஒவ்வொன்று, நடுவே 4 அங்குலத்துக்கு ஒன்று என மொத்தம் பத்து வளையம் போட்டு நெரியுங்கள். பிறகு இரு வாயிலும் மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் வாய் சதுரம். சாய்சதுரமாக இருந்தால் எதிர்மூலையை அழுத்தி இப்போதே சரிசெய்யுங்கள். கதவு மாட்டிய பிறகு திருத்துவது இரண்டு மடங்கு வேலை.

கதவு

5 கண் அகலம், 8 கண் நீளம். இந்த எட்டு ஏன் என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

கதவு கூரையிலிருந்து தொங்குகிறது. உயரம் 6 அங்குலம். கதவும் 6 அங்குலமாக இருந்தால் செங்குத்தாகத் தொங்கி, உள்ளேயிருந்து தள்ளினாலும் வெளிப்பக்கம் திறந்துவிடும். 6½ இருந்தால் தரையில் தட்டும். ஆனால் ஒரு கிலோ விலங்கு முட்டி மோதும்போது வலை வளைந்து கொடுத்துக் கதவு வெளியே பிதுங்கிவிடும். 8 அங்குலக் கதவு உள்நோக்கிச் சாய்ந்து, கீலிலிருந்து 5 அங்குலத்துக்கும் சற்று அதிகமான தூரத்தில் தரையைத் தொடும். ஏறக்குறைய 48 பாகைச் சாய்வு. வெளியிலிருந்து வருகிற விலங்குக்கு அது மூக்கால் தூக்கக்கூடிய சரிவு. உள்ளேயிருந்து முட்டும் விலங்குக்கோ, முட்டமுட்டத் தரையில் இன்னும் இறுகும் முட்டுக்கட்டை. இன்னும் நீளமாக, 10 அங்குலம் வைத்தால் கதவு படுத்துக்கொண்டு உள்ளிடத்தைத் தின்னும், முன்னால் போன விலங்கின் வால்மேலேயே விழும்.

அகலத்தில் இரு பக்கமும் அரை அங்குல இடைவெளி இருக்கும். அதை அடைப்பதற்காகக் கம்பி முனைகளை முள்ளாக விட்டுவைக்கச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். அந்த முட்கள் பக்கச்சுவர்க் கண்களில் கோத்துக்கொண்டு கதவு பாதியில் நின்றுவிடும். அரை அங்குலத்தில் மஸ்க்ராட் நுழையாது. நான்கு ஓரத்தையும் ஒட்ட நறுக்கி அரத்தால் தேய்த்துவிடுங்கள். கீழ் விளிம்பு கண்டிப்பாக முழுக் கம்பியாக முடிய வேண்டும். அங்கே முனைகள் துருத்தினால் தரைக்கண்ணுக்குள் இறங்கிப் பூட்டிக்கொள்ளும், பிறகு வெளியிலிருந்தும் திறக்காது.

கீலை வாயின் விளிம்பில் மாட்டாமல், கூரையில் ஒரு கண் உள்ளே தள்ளி இரண்டாவது குறுக்குக் கம்பியில் மாட்டுங்கள். அந்த ஓர் அங்குல விளிம்பு மண் சரிந்து கதவை அழுத்தாமல் காக்கும். கதவுக்கு இரண்டு வளையம், இரண்டும் ஓரங்களுக்கு அருகில். நடுவில் சேர்த்துப் போட்டால் கதவு பக்கவாட்டில் திருகும். இந்த வளையங்களை முழுதாக நெரிக்காதீர்கள். கழன்றுவிடாத அளவுக்கு முனைகள் சேர்ந்தால் போதும், கம்பியைச் சுற்றி வளையம் லொடலொடவென்று ஆட வேண்டும்.

சோதனை எளிது. கூண்டைச் சமதரையில் வைத்து, கதவை விரலால் கூரை வரை தூக்கி விடுங்கள். ‘டக்’ என்று விழ வேண்டும். பத்து முறை விட்டால் பத்து முறையும். ஒரு முறை தயங்கினாலும் எங்கே உரசுகிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். கதவின் எடையே ஏறத்தாழ 60 கிராம்தான். தண்ணீருக்குள் அதிலும் கொஞ்சம் குறையும், விழும் வேகமும் மட்டுப்படும். காற்றில் தயங்கும் கதவு தண்ணீரில் நிற்கும்.

கடைசியாக, கூரைப் பக்கத்தில் ஒரு தடித்த கம்பி வளையம் கட்டிவையுங்கள். தூக்க ஒரு பிடி. இருட்டில் கலங்கிய தண்ணீரில் கைவிட்டுத் தடவும்போது எது மேல்பக்கம் என்ற அடையாளமும் அதுவே. தலைகீழாக வைத்த கூண்டில் கதவுகள் கீழே வந்துவிட்ட கூரையில் படுத்துக்கிடக்கும், வந்தது அப்படியே வெளியே போய்விடும்.

புதுத் துத்தநாகப் பளபளப்பைப் பற்றிப் பலர் கவலைப்படுகிறார்கள். மஸ்க்ராட் அவ்வளவு சந்தேகப் பிராணி இல்லை. வெயிலிலும் மழையிலும் சில வாரம் போட்டு மங்கவைப்பது திருடர் கண்ணில் படாமல் இருக்கத்தான் அதிகம் உதவும்.

தடத்தைக் கண்டுபிடித்தல்

கரையோரம் மிதக்கும் நறுக்கிய சம்பங்கோரைத் துண்டுகள், நீரிலிருந்து நீட்டிய கட்டைமேல் குவிந்த சிறு புழுக்கைகள், கோரையும் சேறும் சேர்த்துக் கட்டிய குவியல் வீடு. இவை ஊர் எது என்று சொல்லும், தெருவைச் சொல்லாது. தெரு தண்ணீருக்கடியில். மற்ற இடமெல்லாம் பாசியும் சருகும் படிந்திருக்க, ஒரு குறுகிய வாய்க்கால் மட்டும் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக, கெட்டியான அடியுடன் கரையை நோக்கி ஓடும். அதில் தண்ணீர் கலங்கியிருந்தால் இப்போதும் புழக்கத்தில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் ரப்பர் பூட்ஸ் போட்டுக் கரையோரம் மெல்ல நடங்கள். கால் திடீரென்று பள்ளத்தில் இறங்கும் இடமே தடம். தெளிந்த பனிக்கட்டிக்கு அடியில் வெள்ளைக் குமிழிகள் கோடு போட்டிருக்கும்.

பனிக்கட்டிமேல் போகிறவர்களுக்கு ஒன்று: நடக்கக் குறைந்தது 4 அங்குலத் தெளிந்த கெட்டிக்கட்டி வேண்டும். மஸ்க்ராட் தடத்தின் மேலும் அதன் வீட்டைச் சுற்றியும் கட்டி எப்போதும் மெலிந்திருக்கும். நீங்கள் தேடிப் போவதும் சரியாக அந்த இடத்தைத்தான். கடப்பாரையால் முன்னே குத்திப் பார்த்துக்கொண்டே போங்கள், தனியாகப் போகாதீர்கள்.

பதித்தல்

கூண்டு முழுவதும் முங்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. இந்தக் கூண்டு விலங்கைச் சீக்கிரம் மூழ்கடித்துக் கொல்வது. கூரை தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தால் உள்ளே சிக்கியது மூச்சுவிட்டுக்கொண்டு, குளிரில் நனைந்து, இரவெல்லாம் தவித்துக் கிடக்கும். அது கொடுமை, பல இடங்களில் சட்டமீறலும்கூட. மஸ்க்ராட் தேவைப்பட்டால் கால் மணி நேரம் வரை மூச்சடக்கக் கூடியது என்பதால் ஒரு சிறு காற்றுப்பையும் அதன் வேதனையை நீட்டிக்கும். நீர்மட்டம் இறங்கக்கூடிய அளவையும் கணக்கிட்டு, கூரைக்கு மேல் குறைந்தது 4 அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்கும்படி வையுங்கள். மதகு திறந்து தண்ணீர் இறக்கும் குட்டையில் வைக்கவே வேண்டாம்.

தடத்தின் அடியை ஓர் அங்குலம் தோண்டி, கூண்டின் தரை தடத்தின் தரையோடு சமமாக வரும்படி அமுக்குங்கள். தரை உயர்ந்து நின்றால் விலங்கு அடியில் முகர்ந்துவிட்டுப் பக்கத்தில் புது வழி தோண்டும். இரு பக்கமும், மேலேயும் உள்ள இடைவெளிகளைக் குச்சி, கல், சேறு கொண்டு அடையுங்கள். கூண்டைவிட அகலமான ஓடையில் மிச்ச அகலத்துக்கு வலைத்துண்டை வேலியாக நட்டுக் கூண்டின் வாய்க்கு வழிகாட்டலாம். சாலைக்கடியில் போகும் சிறு குழாய் வாய் இதற்கு நல்ல இடம். நெதர்லாந்தில் இந்தக் குழாய்களில்தான் கூண்டு அதிகம் வைக்கிறார்கள்.

இரு முனையிலும் பக்கத்துக்கு ஒரு கம்பியாக, 10 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியைச் சேற்றில் ஆழ இறக்கிக் கூண்டைக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். மூன்று நான்கு விலங்குகள் துள்ளினால் கட்டாத கூண்டு புரண்டுவிடும். புரண்டால் கதவு திறந்துவிடும். பிறகு ஒரு விரலால் இரு கதவையும் தூக்கி, தண்ணீருக்குள்ளேயே விழுகிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் கரையேறாதீர்கள்.

ஓடும் நீரில் ஒரு சிக்கல். நீர் வரும் பக்கத்துக் கதவை ஓட்டமே உள்ளே தள்ளித் தூக்கிவிடும், கீழ்ப்பக்கக் கதவை மூடிவைக்கும். மேல்பக்கக் கதவின் அடிக்கம்பியில் 4 அங்குல முறுக்குக் கம்பித் துண்டு ஒன்றைக் கட்டினால் கதவின் எடை ஏறத்தாழ இரட்டிப்பாகும், மெதுவான ஓட்டத்துக்கு அது போதும். வேகமான ஓட்டத்துக்கு இந்தக் கூண்டு ஏற்றதல்ல. சருகு வந்து அடைத்துக்கொண்டே இருக்கும்.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும் காலத்தில் ஆமை நுழைந்து மூச்சடைத்துச் செத்துவிடும். ஆமைகள் குளிருக்குச் சேற்றில் அடங்கிய பிறகே கூண்டை இறக்குங்கள். மயிரும் குளிர்காலத்திலிருந்து வசந்தத் தொடக்கம் வரைதான் தரமாக இருக்கும் என்பதால் இதில் இழப்பு எதுவும் இல்லை. மிங்க் என்ற, கீரியைப் போன்ற சிறு நீரோர விலங்கு நுழைவதைத் தடுக்க முடியாது. உங்கள் பகுதியில் மிங்க் பருவம் மூடியிருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விதிப் புத்தகத்தில் பார்த்துவையுங்கள்.

எதுவும் சிக்காவிட்டால்

தினமும் காலையில் பாருங்கள். மஸ்க்ராட் நடமாட்டம் பெரும்பாலும் அந்தியிலிருந்து விடியும் வரை.

கூண்டு காலி, பக்கத்தில் புதுச் சேறு கலங்கியிருக்கிறது என்றால் பக்க இடைவெளியை அடைத்தது போதவில்லை. காலி, ஆனால் கதவின் மேல் சேறும் வேரும் படிந்திருந்தால் வாய் கரைக்குள் அதிகம் புதைந்துவிட்டது, அரை அடி பின்னால் இழுங்கள். தினமும் ஒன்றே ஒன்று சிக்கினால் அதன் உடல் எந்தக் கதவின் அருகில் கிடக்கிறது என்று கவனியுங்கள். வாசலிலேயே கிடந்தால் அடுத்தது கதவைத் தூக்க இடமில்லை. அது பெரும்பாலும் நசுங்கிக் குறுகிய கூண்டிலோ 36-க்குப் பதிலாக 24 அங்குலத்தில் செய்த கூண்டிலோ நடக்கும். மூன்று இரவு தொடர்ந்து காலி என்றால் அந்த வளையில் ஆள் இல்லை. இடத்தை மாற்றுங்கள்.

கரையைக் காப்பதுதான் நோக்கம் என்றால் பிடித்ததோடு வேலை முடியாது. காலியான வளைக்கு அடுத்த குடும்பம் வந்து சேரும். வளைகளைத் தோண்டிக் களிமண் திணித்துக் கெட்டித்து, நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் மேலிருந்து 3 அடி ஆழம் வரை கரைச்சரிவில் கல் அடுக்கவோ கம்பி வலை பதிக்கவோ வேண்டும். மயிருக்காகப் பிடிப்பவர்கள் இதற்கு நேர்மாறாக, ஒவ்வொரு வளைக்கூட்டத்திலும் சிலவற்றை விட்டுவிட்டு நகர வேண்டும். அடுத்த ஆண்டுக்கு அவைதான் விதை.

விலங்கை வெறுங்கையால் தொடாதீர்கள். துலரேமியா என்ற காய்ச்சல் மஸ்க்ராட்டிடமிருந்து தோலின் சிறு கீறல் வழியாகக்கூட மனிதருக்கு வரும், எலிக்காய்ச்சலும் வரலாம். முழங்கை வரை ரப்பர் கையுறை, உரிக்கும்போது வேறு மெல்லிய கையுறை. கூண்டில் அல்லாமல் கரையோரம் தானாகச் செத்துக்கிடக்கும் மஸ்க்ராட்டுகளைக் கண்டால் அங்கே பிடிப்பதை நிறுத்திவிட்டு வனவிலங்குத் துறைக்குச் சொல்லுங்கள். அந்த வாரங்களில் காய்ச்சலோ நெறிகட்டியோ வந்தால், மஸ்க்ராட் தொட்டதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

விலங்கை எடுக்க ஒரு கதவைக் கூரையோடு சேர்த்துக் கம்பிக் கொக்கியால் மாட்டி, கூண்டைச் செங்குத்தாகத் தூக்கி உலுக்கினால் போதும். திரும்ப வைக்கும் முன் கொக்கியைக் கழற்ற மறக்கக் கூடாது. கொக்கியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைத்தால் மறக்காது. பருவம் முடிந்ததும் கழுவி, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் தொங்கவிடுங்கள். அடுத்த ஆண்டு முதலில் தேய்ந்திருப்பவை கீல் வளையங்கள்தான், எடை கட்டிய கதவில் இன்னும் சீக்கிரம். அவற்றை மாற்றி, பத்து முறை கதவை விழவிட்டுப் பார்த்த பிறகே தண்ணீருக்குக் கொண்டுபோங்கள்.